கோத்தகிரியில் நெட் ஏன் சுற்றுகிறது?

கோத்தகிரியில் நெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும். "மலை மேல இருக்கோம், இங்க இப்படித்தான் இருக்கும்." கட்டபெட்டில் கேட்டாலும் இதுதான், அரவேணுவில் கேட்டாலும் இதுதான். மூடுபனி இறங்கினால் பனியால் ஸ்லோ, மழை பெய்தால் மழையால் ஸ்லோ, வெயில் அடித்தால் சீசன் கூட்டத்தால் ஸ்லோ. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க மீட்டிங், கால் என்று நெட்டை நம்பித்தான் பிழைப்பு ஓடுகிறது. அதனால் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு சும்மா போக எனக்கு மனசு வருவதில்லை. மலை நமக்குப் பல தொல்லை கொடுக்கிறது, அதில் சந்தேகமில்லை. வீடியோ காலில் முகம் அப்படியே ஸ்டக் ஆகி நிற்பதற்கு மட்டும் இந்த 1,800 மீட்டர் உயரத்தின் மேல் பழி போட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபைபரின் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மில்லி நொடிக்கு 200 கிலோமீட்டர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போனால் 70 கிலோமீட்டர் பக்கம் வரும். கேபிள் கம்பத்துக்குக் கம்பம் வளைந்து நெளிந்து போய் 100 கிலோமீட்டர் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். போய்த் திரும்பி வர ஒரே ஒரு மில்லி நொடி. பஸ்ஸில் தலைசுற்றலோடு போய் இறங்குகிற அதே தூரம்தான். சென்னைக்கு 600 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போக வர 6 மில்லி நொடி. நடுவில் உள்ள ரவுட்டர்கள், சுற்றுவழி எல்லாம் சேர்ந்து என் வீட்டிலிருந்து சென்னைக்கு பிங் போட்டால் 15, 20 என்று காட்டுகிறது. வேளச்சேரியில் இருக்கும் என் சக ஊழியரை விட நான் பின்தங்கியிருப்பது அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

பிங் என்பது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். ஒரு பாக்கெட்டை, அதாவது தரவின் சின்னப் பொட்டலத்தை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று சொல்லும். வேறொன்றும் செய்யாது. நாற்பது ஆண்டு கழித்தும் வீட்டு நெட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

பிளான் விற்கிறவர்கள் 50, 100, 300 என்று சொல்வதெல்லாம் பேண்ட்வித். நொடிக்கு எவ்வளவு தரவு போக முடியும் என்பதன் கணக்கு அது. ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம் லேட்டன்சி. அது எந்த நோட்டீஸிலும் இருக்காது. நம் நாட்டில் பிராட்பேண்டுக்கான வரையறையிலும் பெரிதாகப் பேசப்படுவது வேகம்தான். 2023 ஜனவரியில் குறைந்தபட்ச டவுன்லோடு வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் 50-லிருந்து 100-க்கு மாறினார். மகள் டொரான்டோவில் இருக்கிறாள். சாயங்காலம் இங்கே ஏழு மணிக்குப் பேசினால் அங்கே காலை. "தம்பி, காசு கூடக் குடுத்துப் பார்த்துட்டேன். அவ பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறது அவளுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவ அடுத்த பேச்சுக்குப் போயிடறா" என்றார். பிரச்சினையை இதைவிடத் துல்லியமாக எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது. ஒரு வீடியோ காலுக்கு அதிகம் போனால் 4 எம்பிபிஎஸ் தேவைப்படும். அது 50-லேயே தாராளமாக இருந்தது. அவர் எதை விலை கொடுத்து வாங்கினாரோ, அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பேச்சுக்கு எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதற்கு ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேசுபவர்களுக்கு உறுத்தாது. 400-ஐத் தாண்டக் கூடாது. இங்கிருந்து கனடாவுக்குப் போய்வர 250-ஐ ஒட்டி ஆகும் என்றால், ஒரு பக்கத்துக்கு 125. தாங்கக்கூடியதுதான். பூமியின் அந்தப் பக்கத்துக்கே 125 என்றால், ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதும் அளவுக்கு மிச்சத் தாமதம் எங்கிருந்து வருகிறது? அதற்கு முன்னால் வெப்சைட் திறக்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து 500 கேபி அளவுள்ள படம் ஒன்றைத் திறக்கிறீர்கள். போய்வர 200 மில்லி நொடி. முதலில் முகவரி தேட வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் கைகுலுக்க ஒரு சுற்று, நடுவில் யாரும் படிக்காமலிருக்கப் பூட்டுச் சாவி பேசி முடிக்க இன்னொரு சுற்று. பிறகுதான் "படத்தைக் கொடு" என்ற கேள்வியே கிளம்பும். சர்வரும் எடுத்த எடுப்பில் முழுப் படத்தையும் கொட்டிவிடாது. வழி எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் பத்து பாக்கெட், அதாவது 14 கேபி சொச்சம். பதில் வந்ததும் 28, பிறகு 56, இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டிப் பார்த்தால் 500 கேபி வந்து சேர ஆறு சுற்று. 200 வீதம் 1.2 நொடி, முன்னால் நடந்த கைகுலுக்கல் தனி. உங்கள் பிளான் 100-ஆ 500-ஆ என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவே இல்லை பாருங்கள். 2010-இல் கூகுளில் இருந்த மைக் பெல்ஷி இதை அளந்தே காட்டினார். 5 எம்பிபிஎஸ் இணைப்பை 10 ஆக்கினால் பக்கம் திறக்கும் நேரம் 5 சதவீதம்தான் குறைந்தது. லேட்டன்சியைக் குறைக்கக் குறைக்க நேரமும் அதே போக்கில் குறைந்துகொண்டே வந்தது.

பெரிய கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் வீடியோக்களின் நகலை நம் ஊர்ப் பக்கத்துச் சர்வர்களிலேயே வைத்துவிடுகின்றன. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் பாடுபட்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 பூட்டுச் சாவிப் பேச்சை இரண்டு சுற்றிலிருந்து ஒன்றாக்கியது. 2021-இல் தரப்படுத்தப்பட்ட குயிக் என்ற முறை கைகுலுக்கலையும் சாவியையும் ஒரே சுற்றில் முடித்துவிடும். இத்தனை மூளை செலவழித்து மிச்சம் பிடிப்பது சில நூறு மில்லி நொடி. அதை நம் வீட்டுக்குள்ளேயே நாம் எப்படித் தொலைக்கிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா வீட்டுக்கு வருகிறேன். ஜனவரியில் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய சாயங்காலம். வெள்ளை உடுத்திய கூட்டம், ஆட்டம், பாட்டு எல்லாம் வீடியோவாக ஆளுக்கொரு போனில். வீட்டுக்குள் நுழைந்ததும் நான்கு போனும் வைஃபையைப் பிடித்து, யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்து அக்கா மகளைக் கூப்பிட்டார். நான் லேப்டாப்பில் பிங் ஓடவிட்டேன். சும்மா இருக்கையில் 20 காட்டிய இணைப்பு 700, 800 என்று காட்டியது. ஒவ்வொரு போனிலும் பேக்கப்பை நிறுத்தச் சொன்னேன். இரண்டே மூச்சில் மறுபடி 20.

நடந்தது இதுதான். அவர் பிளானில் டவுன்லோடு 100, அப்லோடு 10. நோட்டீஸில் 100 கொட்டை எழுத்திலும் 10 பொடி எழுத்திலும் இருக்கும். நான்கு போனும் சேர்ந்து 10-க்கு மேல் தள்ளும்போது, மீதி பாக்கெட்டுகளை ரவுட்டர் தன் பஃபரில், அதாவது தற்காலிக மெமரியில் வாங்கி வரிசையில் நிற்க வைக்கிறது. பஃபர் 1 எம்பி என்றால், அதாவது 8 மெகாபிட் என்றால், 10 எம்பிபிஎஸ்ஸில் அது காலியாக 0.8 நொடி ஆகும். அக்காவின் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. கனடா வரை போக 125 மில்லி நொடி, தன் வீட்டு வாசலைத் தாண்ட 800. மகள் குரல் மட்டும் ஒழுங்காக வந்தது, ஏனென்றால் டவுன்லோடு பக்கம் வரிசையே இல்லை.

பஃபர் கூடாது என்று சொல்லவில்லை, இல்லாவிட்டால் பாக்கெட் கொட்டிப்போகும். ஆனால் மெமரி விலை சல்லிசானதும் கருவி செய்கிறவர்கள் கணக்குப் பார்க்காமல் பஃபரை ஊதிப் பெருக்கிவிட்டார்கள். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற இன்ஜினியர் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது பிங் ஒரு நொடிக்கு மேல் போவதைப் பார்த்துத் துருவத் தொடங்கினார். பஃபர்புளோட் என்று பெயர் வைத்து ஊரைக் கூட்டியவர் அவர்தான். இந்த நோய் அவர் வீட்டோடு நிற்கவில்லை. எங்கே அளந்தாலும் இருந்தது.

நீலகிரிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை, மலையடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்ட் என்றால் போதும். மே மாதம் மேலே வரும் பாதை ஒன்றுதான், நிமிஷத்துக்கு இத்தனை வண்டிதான் ஏற முடியும். கீழே வரிசை நீள நீள, ஊட்டியில் ரோட்டை அகலப்படுத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. நம் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவு, இ-பாஸ் தேவையில்லை என்பதெல்லாம் சரி, வரிசையில் மாட்டினால் மாட்டியதுதான். ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நிற்கும். உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எல்லையும் வைத்தது. தாங்குவதற்குச் சற்றுக் குறைவாக உள்ளே விட்டால் வரிசை சேராது.

வீட்டு ரவுட்டரிலும் மருந்து அதேதான். என் அப்லோடு 10 என்றால், என் ரவுட்டரில் 9 என்று வரம்பு வைத்துவிட்டேன். இப்போது ஆபரேட்டர் கருவியின் பெரிய பஃபரில் வரிசை சேர்வதே இல்லை. சேர்வது என் ரவுட்டரில் மட்டும். என் ரவுட்டரில் ஓடுவது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள். அதில் கேக் என்ற முறையை இயக்கியிருக்கிறேன். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டு, சின்னச் சின்ன குரல் பாக்கெட்டுகளை முதலில் விட்டுவிடும். பெரிய அப்லோடு தன் பாட்டுக்குப் போகும். இதற்கு வழி காட்டியது கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும். குறி 5 மில்லி நொடி. அது தாண்டியபடியே இருந்தால் ஒன்றிரண்டை வேண்டுமென்றே கைவிடும், அனுப்புகிறவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். இப்போது முழு அப்லோடு ஓடும்போதும் என் பிங் 30-ஐச் சுற்றித்தான். ஒரு எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுத்ததற்கு இது பெரிய லாபம்.

ஆபரேட்டர் தந்த பெட்டியில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது, அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்று வைக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் போட்டோ பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள். அக்கா அதைத்தான் செய்கிறார். உங்கள் வீட்டில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ஃபாஸ்ட் டாட் காமில் கூடுதல் விவரத்தைத் தட்டினால் போதும், சும்மா இருக்கும்போதும் லோடு இருக்கும்போதும் லேட்டன்சி எவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். இரண்டுக்கும் எட்ட முடியாத தூரம் இருந்தால் நோய் இருக்கிறது.

மலைக்கு இதில் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. நாம் நினைக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் பனியை விடுதலை செய்துவிடலாம். மூடுபனி வைஃபையையும் ஒன்றும் செய்யாது, ஃபைபருக்குள்ளும் நுழையாது. வைஃபையைக் கொல்வது நம் வீட்டுச் சுவர். பழைய வீடுகளில் ஒன்றரை அடி கருங்கல் சுவர் சர்வ சாதாரணம். ரவுட்டர் முன்னறையில், ஆள் அடுப்படியில் என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே மூச்சை விட்டுவிடும். சிக்னல் இரண்டு கோடு காட்டினாலும் பாக்கெட்டுகள் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுக் கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் ரவுட்டர் முகவரிக்கே பிங் போடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். 2, 3 வந்தால் நலம். 5, 140, 8, 90 என்று தாவினால், கோவைக்கும் சென்னைக்கும் போகாதீர்கள், தாமதம் உங்கள் ஹாலிலேயே இருக்கிறது. ஒரு லேன் கேபிளை இழுத்துப் பின்னறையில் இன்னொரு அக்சஸ் பாயிண்ட் வைத்தால் தீர்ந்தது.

அடுத்தது கம்பம். இங்கே ஃபைபர் பெரும்பாலும் தலைக்கு மேல்தான் போகிறது, கம்பத்திலிருந்து சில்வர் ஓக்குக்கு, அங்கிருந்து யாரோ வீட்டு இரும்புப் பைப்புக்கு. குரங்குகள் அதில் ஊஞ்சலாடும். காற்றில் கிளை விழுந்து கேபிள் மடங்கும். மடங்கிய இடத்தில் ஒளி கசியும். லைன்மேன் தம்பி வந்து ஒளியை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து "மைனஸ் 20 வருதுண்ணா, சூப்பர்" என்பார். மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால் பெட்டிக்கு ஒளி பத்தாமல் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு விளக்கு நல்லது, எல்லோருக்கும் தெரியும், ஆள் வருவார். மோசமானது இடைப்பட்ட நிலை. விளக்கு பச்சைதான், ஆனால் நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைகிறது.

ஒன்றுதானே என்று தோன்றும். பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற விதிமுறைக்கு அப்படியில்லை. பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாக்கும் பழக்கம் அதற்கு. பழைய ரெனோ முறைக்கு மாத்திஸும் மற்றவர்களும் 1997-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதன்படி ஒரு சதவீத இழப்பில், 200 மில்லி நொடி தூரத்தில் உள்ள சர்வரிலிருந்து ஓர் இணைப்பில் கிடைப்பது 0.7 எம்பிபிஎஸ். 20 மில்லி நொடி தூரம் என்றால் அதே இழப்பில் 7. 5 மில்லி நொடி என்றால் 28. இன்றைய முறைகள் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சமாளிக்கும், ஆனாலும் கதை இதேதான். ஸ்பீட் டெஸ்ட் எங்கே போகிறது? பக்கத்திலேயே கோவைச் சர்வருக்கு, அதுவும் ஒரே நேரத்தில் பல இணைப்பைத் திறந்துகொண்டு. அது முழு 100-ஐயும் காட்டிவிடும். "ஸ்பீட் கரெக்டா வருது சார், உங்க லேப்டாப் பிரச்சினை" என்று போனில் பதில் வரும். அப்போது சண்டை போடாமல் நூறு, இருநூறு பிங் ஓடவிட்டு எத்தனை தொலைந்தது என்ற கணக்கைக் காட்டினால் மறுநாளே ஏணியோடு ஆள் வந்தது என் அனுபவம்.

மழைக்கும் ஒரு பங்கு உண்டு, மொபைல் டேட்டாவில். மலையில் சில டவர்களுக்கு ஃபைபர் கிடையாது, டிஷ் வைத்து மைக்ரோவேவில் அடுத்த டவருக்குக் கடத்துகிறார்கள். உயர் அலைவரிசைகளைக் கனமழை உறிஞ்சும். அந்த நேரம் போன் நெட் தள்ளாடும், ஃபைபர் பாட்டுக்கு ஓடும். கரண்ட் போனால் அதுவும் நிற்கும், அது வேறு. 1932-லிருந்து பைக்காராவில் கரண்ட் எடுத்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிற மாவட்டம் இது, ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இல்லாமல் இங்கே வேலை பார்க்க முடியாது.

தூரமே தாமதமாக இருக்கும் நேர்மையான இடம் ஒன்றும் உண்டு, செயற்கைக்கோள். பழைய விசாட் டிஷ் பார்ப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை. ஏறி இறங்கவே 240 மில்லி நொடி, பதிலும் அதே வழியில் வந்தால் 480. இதை எந்த ரவுட்டரும் குறைக்க முடியாது. 550 கிலோமீட்டர் பக்கம் தாழப் பறக்கும் புது வகைச் செயற்கைக்கோள்களில் அந்தத் தூரம் பெரும்பாலும் கழன்றுவிடும். அந்த 35,786-க்குப் பக்கத்தில் கோத்தகிரியின் 1.8 கிலோமீட்டர் உயரத்தை வைத்துப் பாருங்கள்.

பெரிய பிளான் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொன்னதாக இந்த ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, ஆபரேட்டர் காதுக்குப் போனால் வருத்தப்படுவார். கோடநாடு போகும் வழியில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார். எட்டு அறை. ராத்திரி எட்டிலும் படம் ஓடும். சாதாரண எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் வீதம் 40, யாராவது நான்கு பேர் 4கே போட்டால் 15 வீதம் 60, மற்ற நான்கு பேருக்கு 20, ஆக 80. 50 எம்பிபிஎஸ் பிளானில் இது ஓடாது, எந்தக் கேக்கும் கோடெலும் உதவாது. அவரை 150-க்கு மாறச் சொன்னேன், அப்லோடும் அதே அளவு தரும் பிளானாகப் பார்த்து. ஆபரேட்டர் 300-க்குத் தள்ளிப் பார்த்தார். அந்தக் கூடுதல் காசில் எட்டு அறைக்கும் லேன் கேபிள் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். கருங்கல் சுவரில் ஓட்டை போட ஆள் கிடைக்கவில்லை என்று இப்போதைக்கு நான்கு அறையோடு நிற்கிறது.